மூடின தோல் கம்பெனி இடத்தை ஸ்கூலுக்கு இலவசமா தர்றாங்க, வாங்கலாமா?

பாலாத்தங்கரை (ஞாயிறு, இரவு 9.42)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். எங்களுது ராணிப்பேட்டை மாவட்டம், ஊர் பேர் வேணாம். பொண்ணு அஞ்சாவது, அரசு நடுநிலைப்பள்ளி. நான் அங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல ஒரு மெம்பர். ஸ்கூல்ல இடம் சுத்தமா பத்தல, ஏழாவதும் எட்டாவதும் ஒரே ரூம்ல நடுவுல பீரோவை மறைப்பா வெச்சு உக்கார்றாங்க, கிரவுண்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

ஸ்கூலுக்கு பின்னாடி காம்பவுண்டை ஒட்டி ஒண்ணேகால் ஏக்கர் இருக்கு. முன்னாடி தோல் கம்பெனி ஓடின இடம், மூடி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓனர் தவறிட்டாரு, பசங்க சென்னையில இருக்காங்க. அப்பா நினைவா அந்த இடத்தை ஸ்கூலுக்கே எழுதித் தர்றோம், ரெண்டு கிளாஸ்ரூமும் கட்டித் தர்றோம்னு ஹெச்எம் கிட்ட வந்து சொல்லிட்டு போயிருக்காங்க. ஊரே சந்தோஷமா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை மீட்டிங்ல தீர்மானம் போடணும், நானும் கையெழுத்து போடணும்.

என் பிரச்சினை என்னன்னா, சுவர் இடிஞ்ச வழியா பசங்க இப்பவே உள்ள போய் விளையாட ஆரம்பிச்சாச்சு. போன வாரம் பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸை திறந்தேன், உள்ள நீலமா ஏதோ பஞ்சு மாதிரி சுருட்டை சுருட்டையா இருந்துச்சு. மெல்லிசா சீவின கேரட் எப்படி இருக்கும், அந்த மாதிரி, ஆனா வெளிர் நீலம். என்னடி இதுன்னா "பொம்மைக்கு முடிம்மா, அங்க மண்ணை நோண்டுனா வரும்"ங்குறா. வாயில வெச்சாளா கையை கழுவினாளா ஒண்ணும் தெரியல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. ஹெச்எம் கிட்ட சொன்னேன், "இத்தனை வருஷம் மழை பேஞ்சிருக்கு, இன்னுமா இருக்கப் போகுது"ன்னுட்டாரு. நான் படிச்சது பிகாம், எனக்கு இது ஒண்ணும் தெரியாது. யாராவது சொல்லுங்க.

காட்பாடி குமரன் (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரொம்ப பயப்படுறீங்கன்னு தோணுது. ஸ்கூலுக்கு இடம் கிடைக்கறதே இந்த காலத்துல பெரிய விஷயம், நீங்க கேள்வி மேல கேள்வி கேட்டா அவங்க மனசு மாறி வேற யாருக்காவது பிளாட் போட்டு வித்துடுவாங்க. ஒரு அடி மண்ணை வெட்டி எடுத்துட்டு மேல நல்ல செம்மண் கொட்டி லெவல் பண்ணிட்டா முடிஞ்சு போச்சு.

முன்னாள் தலைமையாசிரியர் (ஞாயிறு, இரவு 10.51)

அம்மா, முப்பத்து மூணு வருஷம் சர்வீஸ்ல இருந்தவன், அதனால சொல்றேன். ஒரு பள்ளிக்கு கட்டடம் வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். தாலுகா ஆபீஸ், பிடிஓ ஆபீஸ், எம்எல்ஏ வீடுன்னு ஒன்பது வருஷம். அதுக்குள்ள பாதி பிள்ளைங்க தனியார் பள்ளிக்கு போயிடுச்சு. உங்க கவலை நியாயம்தான். ஆனா "அந்த ஸ்கூல் மண்ணுல விஷம்"னு ஊருக்குள்ள ஒரு பேச்சு கிளம்பினா என்ன ஆகும்னு யோசிங்க. வசதி உள்ளவன் டிசி வாங்கிட்டு போயிடுவான், இல்லாதவன் பிள்ளை மட்டும் அங்கேயே இருக்கும். அடுத்த வருஷம் மாணவர் எண்ணிக்கை குறைஞ்சிடுச்சுன்னு ஒரு போஸ்டிங்கை வேற தூக்கிடுவாங்க. பேசுறதை பார்த்துப் பேசுங்க.

டிரம் மேஸ்திரி (திங்கள், காலை 5.58)

தங்கச்சி அது ஷேவிங் தூள். நான் இருபத்திரண்டு வருஷம் தோல் கம்பெனியில இருந்தவன். தோலை குரோம்ல ஊற வெச்சு எடுத்தா நீலமா வரும், அதுக்கு வெட் ப்ளூன்னு பேரு. அப்புறம் அதை ஒரே கனத்துக்கு கொண்டு வர்றதுக்காக ஷேவிங் மெஷின்ல கொடுப்பாங்க, அப்ப உதிர்ற சீவல்தான் அது. மூட்டை மூட்டையா வரும், அந்த காலத்துல எங்க கொட்டுவாங்கன்னு நினைக்கிறே, கம்பெனிக்கு பின்னாடியேதான். மழை பேஞ்சா கரைஞ்சிடும்னு சொன்னவருக்கு தோல்னா என்னன்னு தெரியாது. குரோம் போட்ட தோலு மக்கவே கூடாதுன்னுதான் குரோமே போடறது, அது எங்க போவும்.

சின்ன கம்பெனிங்க எப்படி இருக்கும்னு சொல்றேன், போய் பாரு. வாசல் பக்கம் உப்பு தோல் இறக்குற கொட்டாய். அங்க தரை வெள்ளையா பூத்துகினு இருக்கும், புல்லு கூட முளைக்காது, அது உப்பு. அதுக்கு அடுத்தாப்ல சுண்ணாம்பு தொட்டிங்க, வரிசையா குழி குழியா, மூடி இருந்தாலும் தட்டினா சத்தம் வேற மாதிரி வரும். அதுக்கு அப்புறம் தோலை போட்டு சுத்தற டிரம் ஓடின மேடை. கடைசியில சரிவு பக்கமா கழிவுத்தண்ணி குட்டை. அந்த குட்டையில தங்கின சேத்தை அள்ளி கரையிலயே போட்டு காய வெச்சுகினு இருப்போம். வெறுங்கால்ல இறங்கி அள்ளியிருக்கேன், காலு இன்னைக்கும் வெடிப்பு வெடிப்பாதான் கீது. 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவு தொட்டி சுவர் உடைஞ்சு தூங்கிகினு இருந்த ஆளுங்க பத்து பேர் அந்த சேத்துல முழுகி செத்தாங்களே, அதே சேறுதான். ஒரு அடி மண்ணு வெட்டினா போதும்னு சொன்ன தம்பிக்கு, குட்டை எத்தனை அடி ஆழம்னு முதல்ல தெரியணும் இல்ல.

ஒண்ணு மட்டும் இப்பவே பண்ணு. கூட்டி சுத்தம் பண்றேன்னு யாராவது அந்த தூளை குவிச்சு கொளுத்திடப் போறாங்க, விடாத.

பாலாத்தங்கரை (திங்கள், காலை 7.20)

அண்ணா ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரி வெள்ளையா பூத்த இடம் இருக்கு, நான் பாத்திருக்கேன். சரிவு பக்கம் கருவேலமரமா இருக்கு, அதுக்குள்ள போனதில்ல. ஏன் கொளுத்தக்கூடாது?

மூணாவது பெஞ்ச் கெமிஸ்ட் (திங்கள், மதியம் 1.05)

மேஸ்திரி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி, காரணத்தை நான் சொல்றேன். நான் தண்ணி, மண் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குறேன்.

குரோமியம் ரெண்டு நிலையில வரும். டேனரியில, அதாவது தோல் பதனிடற கம்பெனியில பயன்படுத்துறது மூணு இணைதிறன் உள்ளது, அதுதான் அந்த நீலம், அதோட விஷத்தன்மை கம்மி, தோலுக்குள்ள கெட்டியா பிடிச்சிட்டு இருக்கும். இன்னொண்ணு ஆறு இணைதிறன் உள்ளது, மஞ்சளா இருக்கும், தண்ணியில சுலபமா கரையும், மூச்சுல போனா புற்றுநோய் வரவைக்கும்னு உறுதி ஆனது. உங்க மாவட்டத்துலயே தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி மூடிட்டு போனப்ப விட்டுட்டு போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேலான கழிவு மலை இருக்கே, அதுல இருந்து கசியறது இந்த ஆறு வகை, அதனாலதான் அந்தப் பக்கம் நிலத்தடி தண்ணி மஞ்சளா வந்துச்சு. உங்க இடத்துல இருக்கறது பெரும்பாலும் மூணு வகையா இருக்கலாம். ஆனா குரோம் தோல் கழிவை எரிச்சா, அதுவும் சுண்ணாம்பு கலந்த இடத்துல எரிச்சா, மூணு ஆறா மாறும். சும்மா கிடந்தாலும் மண்ணுல மாங்கனீசு ஆக்சைடு இருந்தா மெல்ல கொஞ்சம் மாறும். அதனாலதான் எரிக்கவே கூடாது.

பொண்ணைப் பத்தி: ரெண்டு மூணு நாள் தொட்டு விளையாடினதுக்கு பதறாதீங்க அக்கா. ஜாமெட்ரி பாக்ஸை சோப்பு போட்டு கழுவுங்க, அந்த நீலத்தை தூக்கிப் போடாம ஒரு பாட்டில்ல போட்டு மூடி தேதி எழுதி வைங்க, பின்னாடி உதவும். கையில காலுல அரிப்பு, கொப்புளம் மாதிரி இருந்தா பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர்கிட்ட காட்டி எங்க விளையாடினான்னு சொல்லி ஓபி சீட்டுல எழுத சொல்லுங்க. நான் பயப்படறது வருஷக்கணக்கா தினமும் அந்த மண்ணுல புரண்டா என்ன ஆகும்னுதான். பிள்ளைங்க பெரியவங்களை விட எடைக்கு தகுந்த அளவுல அதிகமா தண்ணி குடிக்கும், அதிகமா மூச்சு இழுக்கும், கையை வாயில வைக்கும். ஈயம் மாதிரி உலோகம்னா வயித்துக்குள்ள போறதுல பெரியவங்க உடம்பு ஏத்துக்கறதை விட நாலஞ்சு மடங்கு பிள்ளைங்க உடம்பு ஏத்துக்கும்.

பழைய டேனரின்னா குரோமியம் மட்டும் பாக்காதீங்க. முடி எடுக்கறதுக்கு ஒரு காலத்துல ஆர்சனிக் சல்பைடு போட்டிருக்காங்க, பூஞ்சை பிடிக்காம இருக்க பென்டாகுளோரோபீனால் போட்டிருக்காங்க. அந்த கம்பெனி எந்த வருஷத்துல இருந்து ஓடுச்சுன்னு தெரிஞ்சா எதையெல்லாம் டெஸ்ட் பண்ணணும்னு முடிவு பண்ணலாம்.

அப்புறம் முக்கியமா, யாராவது "நாங்க மண் பரிசோதனை பண்ணிட்டோம், நல்லா இருக்கு"ன்னு ஒரு அட்டையை காட்டினா அது என்ன அட்டைன்னு பாருங்க. வேளாண்மைத் துறை மண்வள அட்டையில தழை மணி சாம்பல், உப்பு, கார அமிலம், துத்தநாகம் இரும்பு மாதிரி நுண்சத்து இவ்ளோதான் இருக்கும். குரோமியமோ ஈயமோ ஆர்சனிக்கோ அதுல வராது. பயிர் வருமான்னு பாக்கறதும் பிள்ளை விளையாடலாமான்னு பாக்கறதும் வேற வேற டெஸ்ட்.

நயாகரா பக்கத்துல இருந்து (திங்கள், இரவு 8.30)

நான் இருக்கறது அமெரிக்காவுல பஃபலோ பக்கம், சொந்த ஊர் ஆம்பூர். இந்த இழையோட தலைப்பை பாத்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா நான் வேலைக்கு போற வழியில கம்பிவேலி போட்டு வெறும் புல்லு மட்டும் வளந்த ஒரு இடம் இருக்கு, லவ் கெனால். அங்க ஒரு ஸ்கூல் இருந்துச்சு.

கதை அப்படியே உங்க கதைதான். வெட்டி பாதியில விட்ட ஒரு பழைய கால்வாய், ஹூக்கர்னு ஒரு கெமிக்கல் கம்பெனி 1942 வாக்குல இருந்து 1953 வரைக்கும் அதுல சுமார் 21,000 டன் கழிவை டிரம் டிரம்மா போட்டு மண்ணு போட்டு மூடினாங்க. அப்ப ஊர்ல பிள்ளைங்க அதிகமாகி ஸ்கூலுக்கு இடம் தேடிட்டு இருந்தாங்க. 1953ல கம்பெனி அந்த இடத்தை ஸ்கூல் போர்டுக்கு கொடுத்துச்சு, விலை ஒரு டாலர். பத்திரத்துலயே எழுதியிருக்கு, உள்ள கெமிக்கல் கழிவு புதைச்சிருக்கோம், இனிமே யாருக்கு என்ன ஆனாலும் நாங்க பொறுப்பு இல்லன்னு. அதை படிச்சிட்டேதான் போர்டு கையெழுத்து போட்டுச்சு. கட்டடம் கட்டும்போது தோண்டின இடத்துல கெமிக்கல் வந்துச்சு, அப்பவும் நிறுத்தல, கொஞ்சம் தள்ளி கட்டினாங்க, அவ்ளோதான். 1955ல நானூறு பிள்ளைங்களோட ஸ்கூல் திறந்தாச்சு. மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச பாஸ்பரஸ் கட்டிங்களை கல்லுல அடிச்சா தீப்பொறி வரும்னு பசங்க அதை எடுத்து எறிஞ்சு விளையாடியிருக்காங்க. உங்க பொண்ணு பொம்மைக்கு முடின்னு சொன்னதை படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இருபது வருஷத்துக்கு மேல ஒண்ணும் வெளிய தெரியல. 1970கள் நடுவுல பனியும் மழையும் அதிகமாகி நிலத்தடி தண்ணி ஏறினதும் டிரம்மெல்லாம் மேல வர ஆரம்பிச்சுச்சு, வீட்டு அடித்தளத்துல எண்ணெய் மாதிரி கசிஞ்சுச்சு. லோயிஸ் கிப்ஸ்னு ஒரு அம்மா, பையன் அந்த ஸ்கூல்ல சேர்ந்ததுல இருந்து வலிப்பு வர ஆரம்பிச்சிடுச்சு. டாக்டர் சீட்டு ரெண்டு வாங்கிட்டு போய் வேற ஸ்கூலுக்கு மாத்துங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க, ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னு ஒத்துக்கிட்டா எல்லா பிள்ளைக்கும் ஆபத்துன்னு ஒத்துக்கணும், அதனால. அதுக்கப்புறம் அந்த அம்மா நோட்டை எடுத்துட்டு வீடு வீடா போய் கதவை தட்டி யார் வீட்ல என்ன நோய்னு எழுத ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் எந்த போராட்டத்துலயும் நின்னவங்க இல்ல, வீட்டை பாத்துக்கிட்டு இருந்தவங்க. 1978 ஆகஸ்ட் 2ம் தேதி மாநில சுகாதார ஆணையர் அவசரநிலை அறிவிச்சு ஸ்கூலை மூடச் சொன்னாரு, அஞ்சு நாள்ல ஜனாதிபதி கார்ட்டர் வரைக்கும் போச்சு. கடைசியா தொள்ளாயிரத்துக்கு மேல குடும்பங்களை வெளியேத்தினாங்க. 1980ல சூப்பர்ஃபண்ட்னு மாசடைஞ்ச இடங்களை சுத்தம் பண்றதுக்கான சட்டம் வந்ததுக்கு இந்த ஊருதான் பெரிய காரணம்.

அக்கா உங்க கிட்ட கெஞ்சி கேக்குறேன், அந்த தான பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு வரியா படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

முன்னாள் தலைமையாசிரியர் (திங்கள், இரவு 9.48)

நயாகரா தம்பி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அந்த போர்டு மெம்பர்களோட நிலைமையை நினைச்சுப் பாக்குறேன். அவங்களும் கெட்டவங்க இல்ல. பிள்ளைங்களுக்கு இடம் வேணும்ங்கற அவசரம், காசு இல்ல, ஒருத்தர் சும்மா தர்றேன்னு வர்றாரு. நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தா நானும் கையெழுத்து போட்டிருப்பேன். அதை ஒத்துக்கறேன்.

ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. டெஸ்ட் பண்ணி கெட்டதுன்னு வந்தா அடுத்து என்ன? பீரோவுக்கு இந்தப் பக்கம் ஏழாவது அந்தப் பக்கம் எட்டாவதுன்னு அதே நிலைமையிலதானே பிள்ளைங்க உக்காரணும். வேண்டாம்னு சொல்றது சுலபம், மாத்து இடம் யார் தர்றது?

ஜொகூர் பாரு தமிழன் (செவ்வாய், காலை 6.30)

வணக்கம் அனைவருக்கும். மலேசியாவிலிருந்து எழுதுறேன். ஐயா சொல்ற பயம் எங்களுக்கும் இருந்தது, பேரு கெட்டுப் போகும், பிள்ளைங்க குறைஞ்சிடும்னு. ஆனா பள்ளியை மூடாம தள்ளிப் போட்டா என்ன நடக்கும்னு நாங்க பாசிர் கூடாங்ல கண்ணால பார்த்தோம்.

2019 மார்ச் 7. கிம் கிம் ஆத்துல யாரோ ராத்திரியோட ராத்திரியா லாரியில கெமிக்கல் கழிவைக் கொண்டு வந்து ஊத்திட்டாங்க. ஆத்தை ஒட்டியே ரெண்டு அரசாங்கப் பள்ளி, காலையில வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கும்போதே பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது, வாந்தி. அன்னைக்கு ஓரளவு அடங்கின மாதிரி இருந்தது, ஆனா ஆத்துல இருந்ததை முழுசா எடுக்கல. அடுத்த வாரம் வெயில் ஏற ஏற மறுபடியும் ஆவி கிளம்பி முதல்ல விட பல மடங்கு பேர் விழுந்தாங்க. மார்ச் 13ம் தேதி பாசிர் கூடாங்ல இருந்த 111 பள்ளியையும் மூட உத்தரவு வந்தது, தமிழ்ப்பள்ளியும் அதுல சேர்த்திதான். 2,700 பேருக்கு மேல சிகிச்சைக்குப் போனாங்க, அதுல நிறைய பேரு மாணவர்கள். என் தங்கச்சி மகள் அப்போ நாலாம் ஆண்டு. ஸ்டேடியத்துல கூடாரம் போட்டு கட்டில் வரிசையா போட்டிருந்தாங்க, அவ பள்ளிச் சீருடையோட ஆக்சிஜன் மாஸ்க்கு போட்டு உக்காந்திருந்தா, ஒரு கையில பள்ளிப் பையை விடாம பிடிச்சுக்கிட்டு. ஜூன் மாசம் மறுபடியும் அதே பகுதியில பிள்ளைங்களுக்கு வாந்தி, திரும்பவும் பள்ளிகளை மூடினாங்க.

எங்க ஊருல நடந்தது காத்து, உங்களுது மண்ணு. காத்துன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும், எல்லாரும் ஓடுவோம். மண்ணு அப்படி காட்டிக் குடுக்காது, அதனால நீங்கதான் முந்திக்கணும்.

எண்ணூர் நிலா (செவ்வாய், காலை 9.10)

காத்துன்னாலும் எல்லா நேரமும் தெரியாதுங்க. 2024 அக்டோபர்ல திருவொற்றியூர்ல ஒரு ஸ்கூல்ல ஏதோ வாயு நெடியில முப்பது பிள்ளைங்களுக்கு மேல மூச்சு முட்டி மயக்கம் வந்துச்சு, தீபாவளி லீவு முடிஞ்சு நவம்பர்ல திறந்தா அன்னைக்கே மறுபடியும். எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஸ்கூலை திறந்ததுதான் எங்களுக்கு ஆத்திரம். 2017 மே மாசம் டெல்லி துக்ளகாபாத்ல கன்டெய்னர் டிப்போவுல ஒரு கெமிக்கல் கசிஞ்சு பக்கத்து கேர்ள்ஸ் ஸ்கூல் பிள்ளைங்க நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரிக்கு போனாங்க. டிப்போ, கம்பெனி, ஸ்கூல் எல்லாத்தையும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வெச்சுட்டு நடந்தப்புறம் கமிட்டி போடறாங்க. பெட்ரோல் பங்குக்காவது 2020ல மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஸ்கூல்ல இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும்னு ஒரு அளவு சொல்லிச்சு, அதுவும் புது பங்குக்கு மட்டும்.

மனு எழுதுறவன் (செவ்வாய், மாலை 4.22)

முன்னாள் ஹெச்எம் ஐயாவோட கேள்விக்கு பதில் சொல்ல முயற்சி பண்றேன். டெஸ்ட் பண்ணி கெட்டதுன்னு வந்தா முடிஞ்சுதுன்னு இல்ல, அப்பதான் சுத்தம் பண்ற பொறுப்பு யாருதுங்கற கேள்வியே ஆரம்பிக்கும். இப்ப தான பத்திரம் வாங்கிட்டா அந்த நிலம் ஸ்கூலோடது, பிரச்சினையும் ஸ்கூலோடது. வாங்கறதுக்கு முன்னாடி கேட்டா அது அவங்க தலையில.

உங்க மாவட்டத்து டேனரி கேஸ்லதான், 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட், மாசுபடுத்தினவன்தான் செலவு பண்ணணும், ஆபத்து இருக்கும்னு சந்தேகம் இருந்தாலே முன்ஜாக்கிரதை எடுக்கணும்னு ரெண்டு கொள்கையையும் இந்த நாட்டு சட்டத்தோட பகுதின்னு சொல்லிச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேஸ், இந்தியா முழுக்க சட்டக் கல்லூரியில அதைத்தான் படிக்கிறாங்க.

புதுசா 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்கள் மேலாண்மைக்குன்னே தனி விதி கொண்டு வந்திருக்கு. மாவட்ட நிர்வாகம் சந்தேகப்படுற இடங்களோட பட்டியலை ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு கொடுக்கணும், வாரியம் 90 நாள்ல முதல்கட்ட ஆய்வு பண்ணணும், அதுல மாசு இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் மூணு மாசத்துல விரிவான ஆய்வு, பொறுப்பாளி யாரோ அவங்க செலவுல சரி பண்ணணும். இது உங்க இடத்துக்கு பொருந்தும்னு நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது: வெள்ளிக்கிழமை தீர்மானத்தை "நிலத்தை ஏற்றுக்கொள்கிறோம்"னு போடாதீங்க. "மண், நிலத்தடி நீர் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு பரிசீலிக்கிறோம், அதுவரை மாணவர்கள் அங்கு செல்வதைத் தடுக்கிறோம்"னு போடுங்க. பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி வந்தது, 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21, அதோட தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கு. அந்த தீர்மான நகலை வெச்சு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு, ரசீது வாங்காம வராதீங்க. கூடவே பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு): அந்த சர்வே நம்பர்ல எந்த வருஷம் எந்த தொழிலுக்கு இசைவாணை கொடுத்தீங்க, மூடச் சொல்லி உத்தரவு போட்டீங்களா, கழிவை எங்க அப்புறப்படுத்தினாங்கன்னு பதிவு இருக்கா. 30 நாள்ல பதில் வரணும். ரொம்ப வருஷத்துக்கு வில்லங்க சான்று போட்டு பாருங்க, யார் யார் கை மாறியிருக்குன்னு தெரியும். கூகுள் எர்த்ல பழைய வருஷ படம் பாக்கற வசதி இருக்கு, குட்டை எந்த மூலையில இருந்துச்சுன்னு கருப்பா தெரியும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோட இணைச்சிடுங்க.

கொடைக்கானல் பூண்டு (செவ்வாய், இரவு 7.15)

எல்லாரும் "டெஸ்ட் பண்ணுங்க, சுத்தம் பண்ணுங்க"ங்குறீங்க. எவ்ளோ சுத்தம்னு கேக்க மறந்துடாதீங்க. எங்க ஊர்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரச கண்ணாடி 7.4 டன், மூஞ்சிக்கல்ல பழைய இரும்பு கடையில கிழிஞ்ச சாக்குல கொட்டிக் கிடந்தது, பக்கத்துலயே ஒரு ஸ்கூல். 2001ல அதை கண்டுபிடிச்சப்புறம்தான் ஃபேக்டரியே மூடுச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா சண்டை எதுல தெரியுமா, மண்ணுல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் விட்டுடலாம்னு முடிவு பண்ணாங்க, பிரிட்டன்ல குடியிருப்பு இடத்துக்கு பேசற அளவு 1 மில்லிகிராம். ஃபேக்டரி இடத்துக்கு ஒரு அளவு, வீட்டுக்கு ஒரு அளவு, பிள்ளைங்க விளையாடற இடத்துக்கு அதைவிட கறாரா இருக்கணும். ரிப்போர்ட்ல "அளவுக்குள் உள்ளது"ன்னு எழுதியிருந்தா எந்த அளவுன்னு கேளுங்க.

காட்பாடி குமரன் (செவ்வாய், இரவு 10.02)

நான் முதல்ல எழுதினதை வாபஸ் வாங்குறேன். செம்மண் போட்டு மூடினா போதும்னு சொன்னது தெரியாம சொன்னது. என் அண்ணன் பையன் படிக்கிற ஸ்கூல்லயும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு உடைஞ்சு தூள் தூளா உதிருது, அதை இதுவரைக்கும் ஒரு விஷயமாவே நான் நினைச்சதில்ல. அதுக்கும் இதே வழியில போலாமா?

மூணாவது பெஞ்ச் கெமிஸ்ட் (செவ்வாய், இரவு 10.40)

போலாம் தம்பி. கும்பகோணத்துல 2004ல ஸ்கூல் தீ விபத்துல 94 பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் ஓலைக் கூரையெல்லாம் எடுத்தாங்க, நிறைய இடத்துல அதுக்கு பதிலா ஏறினது இந்த ஷீட்டுதான். முழுசா இருக்கற வரைக்கும் ஆபத்து கம்மி, உடைஞ்சா, ஓட்டை போட்டா, ரம்பத்துல அறுத்தா நார் பறக்கும், அது நுரையீரலுக்கு போனா வருஷக்கணக்கு கழிச்சு புற்றுநோய். விளக்கமாத்துல கூட்ட விடாதீங்க, தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு எடுக்கணும். தனி இழை போடுங்க, நான் வந்து எழுதுறேன். பெயிண்ட்ல ஈயம் பத்தியும் அங்க பேசலாம், 2017 நவம்பர்ல இருந்து 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு விதி, ஆனா பழைய ஜன்னல் கம்பியில உரியறது எல்லாம் அதுக்கு முன்னாடி அடிச்சது.

பாலாத்தங்கரை (வெள்ளி, இரவு 9.05)

மீட்டிங் முடிஞ்சு இப்பதான் வந்தேன். முதல்ல பெரிய சத்தம். "உன் ஒரு பொண்ணுக்காக ஊர் பிள்ளைங்க கிளாஸ்ரூமை கெடுக்கறியா"ன்னு ஒருத்தர் கேட்டுட்டாரு, அழுகை வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் பாட்டிலை எடுத்து டேபிள் மேல வெச்சேன். அதைப் பாத்ததும் எங்க குழு தலைவி எழுந்து "இது எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்லயும் கிடக்குது, பையன் கொண்டாந்தான்"னாங்க. இன்னொரு அம்மா அவங்க பையனுக்கு முட்டியில ஆறாத புண்ணு இருக்குன்னாங்க, எதனாலன்னு தெரியாது, திங்கக்கிழமை பிஹெச்சிக்கு கூட்டிட்டு போறோம். மேஸ்திரி அண்ணா சொன்ன வாசல், சுண்ணாம்பு தொட்டி, குட்டை எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டு போயிருந்தேன், அதை வெச்சுதான் பேச முடிஞ்சது.

முன்னாள் ஹெச்எம் ஐயா, நீங்க மாத்து இடம் யார் தருவாங்கன்னு கேட்டதை அப்படியே மீட்டிங்ல கேட்டேன். தெற்கு பக்கம் பஞ்சாயத்து பழைய களம் சும்மாதான் கிடக்குதுன்னு வார்டு மெம்பர் சொன்னாரு, அதை கேக்கறதுக்கும் சேத்து தீர்மானம் போட்டாச்சு. மனு எழுதுறவர் சொன்ன வாசகம்தான். நன்கொடை தர்றவங்களுக்கு ஹெச்எம் போன் பண்ணாரு, ஸ்பீக்கர்ல போட்டாரு, அவங்க ரொம்ப நேரம் பேசல, கடைசியா "டெஸ்ட் செலவை நாங்க கொடுக்குறோம், அப்பா பேர்ல தர்ற இடம், தப்பா ஒண்ணும் ஆகக்கூடாது"ன்னாங்க. சுவர் உடைஞ்ச இடத்துல இப்போதைக்கு முள்ளு வெட்டி போட்டு அடைச்சிருக்கோம், கல்லு வெச்சு கட்ட நாளைக்கு கொத்தனார் வர்றாரு.

லேப்ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் நாங்க என்ன தயார் பண்ணணும்?

முன்னாள் தலைமையாசிரியர் (வெள்ளி, இரவு 9.31)

அம்மா, களத்துக்கு நிலமாற்றம் கேட்டு எழுதற கடிதத்தை எனக்கு அனுப்புங்க, நான் திருத்தித் தர்றேன். எந்த ஆபீஸ்ல எந்த மேஜையில நிக்கும்னு எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஆக விடமாட்டேன்.

மூணாவது பெஞ்ச் கெமிஸ்ட் (வெள்ளி, இரவு 10.12)

அக்கா ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. சாம்பிள் எடுக்கும்போது நீங்க கூடவே நில்லுங்க. அங்கீகாரம் உள்ள லேபான்னு என்ஏபிஎல் சான்றிதழ் கேளுங்க, அதுல குரோமியம் டெஸ்டும் அடக்கமான்னு பாருங்க. மொத்த குரோமியம் தனியா, ஆறு வகை குரோமியம் தனியான்னு ரெண்டுமே ஆர்டர்ல எழுதச் சொல்லுங்க, கூடவே ஈயம், ஆர்சனிக். அஞ்சு இடத்து மண்ணை ஒண்ணா கலந்து ஒரே சாம்பிள் போட விடாதீங்க, குட்டை இருந்த இடத்து அளவு நல்ல மண்ணோட கலந்து குறைஞ்சு காட்டும். உப்பு கொட்டாய், தொட்டி, டிரம் மேடை, குட்டை, இப்ப பிள்ளைங்க நோண்டுற இடம்னு தனித்தனி பையி. பிள்ளைங்க கை படறது மேல் மண்ணு, அதனால மேலாப்ல அஞ்சு சென்டிமீட்டர் ஒண்ணு, குட்டையில மட்டும் ஆழமாவும் எடுக்கணும். ஸ்டீல் கரண்டி வேணாம், ஸ்டீல்லயே குரோமியம் இருக்கு, பிளாஸ்டிக் ஸ்கூப். ஸ்கூல் போர் தண்ணியையும் எடுங்க, குடிதண்ணிக்கு மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயமும் ஆர்சனிக்கும் 0.01 தான் எல்லை. ஆறு வகைக்கு எடுக்கற தண்ணி ஐஸ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள லேபுக்கு போயிடணும், அதனால சனிக்கிழமை சாயங்காலம் எடுக்க ஒத்துக்காதீங்க. ஒவ்வொரு பையிலயும் நம்பர், தேதி, உங்க கையெழுத்து.

அதுவரைக்கும் சமையலுக்கும் குடிக்கவும் போர் தண்ணி வேணாம்.

டிரம் மேஸ்திரி (சனி, காலை 5.40)

தங்கச்சி, சாம்பிள் எடுக்கற அன்னைக்கு நான் வர்றேன். வாலாஜாவுல இருந்து பஸ்ஸு ஏறினா ஒரு மணி நேரம். குட்டை கரை எதுன்னு மேல இருந்து பாத்து அவங்களுக்கு தெரியாது, கருவேலம் அடர்ந்து போனா இன்னும் தெரியாது, நான் காலை வெச்சு பாத்து சொல்லிடுவேன். இந்த வாட்டி செருப்பு போட்டுகினு வர்றேன்.

பாலாத்தங்கரை (சனி, காலை 6.55)

வாங்கண்ணா. வியாழக்கிழமை காலையில பத்து மணின்னு சொல்லியிருக்காங்க. சாப்பாடு எங்க வீட்லதான்.